நானூற்றுப் பதினேழின் உயரம்

மேசையைத் துடைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் மறுபடியும் சாம்பல்நிறப் பொடி. ஜன்னலே இல்லாத கட்டுப்பாட்டு அறையில் தூசி எங்கிருந்து வந்து தொலைக்கிறது? ஏசியின் உறுமலுக்கு அடியில், அடுப்பில் மறந்துபோன காலிப் பாத்திரம் கருகுவதுபோல் ஒரு வாடை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவன் ஊதிவிட்டான். பொடி எழும்பி மூக்கிலும் வாயிலும் ஏறியது.

இணையம் கொடுக்கும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களில், காலாவதியானதைக் கீழே தள்ளி எரிப்பது அவன் வேலை. எரிந்த உலோகம் தூளாகி மேல்காற்றிலேயே தங்கிவிடும். அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை, அவனுக்கும்தான். ஆனால் ஆறு நாளுக்கு முன்பு எண்ணை மாற்றி அடித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நானூற்றுப் பதினேழைத் தள்ளிவிட்டான். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் வேலை போனால் என்ன செய்வது? பாவி, அதன் பழைய பதிலை நகலெடுத்து, தினமும் மதியம் 'நலம்' என்று பதிவில் ஏற்றிவந்தான்.

இன்று மதியம் ஏற்ற மறந்துவிட்டான். இருந்தும் சுவர்த்திரையில் பதில் வந்திருந்தது.

நானூற்றுப் பதினேழு. நலம். இறங்குகிறது.

முதுகுக்குப் பின்னால் கதவு 'க்ளக்' என்று பூட்டிக்கொண்டது. செயற்கைக்கோள் இறங்கும்போது யாரும் வெளியே போகக்கூடாது. உயரம் பூஜ்யம் ஆனால்தான் கதவு திறக்கும். அவன் உள்தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தான்.

"அக்கா, கதவைத் திறங்க!"

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். உன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சாம்," என்றாள் மேற்பார்வையாளர். "பறக்காதடா அப்பா. நானூத்திப் பதினேழு இறங்குது, பூஜ்யம் ஆனதும் அதுவே திறந்துக்கும்."

"அது இல்லவே இல்லக்கா! நான்தான் எரிச்சேன். போன வாரமே எரிச்சுட்டேன்!"

"என்ன உளறுற? பதில் வருதே."

இணைப்பு அறுந்தது. திரையில் எண்கள் சரிந்தன. ஐந்நூறு கிலோமீட்டர். எண்பது. மூன்று. அவன் நாற்காலியில் சுருண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான். இடி விழவில்லை. எதுவுமே விழவில்லை.

கண் திறந்தான். தொண்ணூறு சென்டிமீட்டர். எண் நின்றுவிட்டிருந்தது.

பதறி எழுந்தான். நூற்று முப்பது.

உட்கார்ந்தான். தொண்ணூறு.

நெஞ்சுக்குள் ஏதோ சுட்டது. இருமினான். உள்ளங்கை நிறையச் சாம்பல்நிறப் பொடி.

பூஜ்யம் ஆகணும். அவ்வளவுதான். மனைவி காத்திருக்கிறாள். தரையில் குப்புற விழுந்து நெஞ்சை அழுத்தினான். பத்து. மூச்சை முழுக்க வெளியே விட்டான். ஒன்பது.

கதவு திறக்கவில்லை. இன்னும் ஒன்பது சென்டிமீட்டர் கீழே போகணும். அவன் விரல்கள் நெஞ்சுக்கடியில் தரையைப் பிறாண்டத் தொடங்கின.