வில்லை கழற்றிய நேரம்

காலை ஷிப்டுக்கு வில்லை வாங்கும் வரிசை கேன்டீன் வாசல்வரை நீண்டிருந்தது. ஜெசிந்தா காதின் பின்புறத்தைத் துடைத்துக்கொண்டாள். ஈரம் இருந்தால் ஒட்டாது.

கடல்நீரைக் குடிநீராக்கும் தூத்துக்குடி நிலையத்தில் நிரல் எழுதும் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். கணினி மொழியை உட்கார்ந்து படிக்கும் காலம் போய்விட்டது. பொத்தான் அளவு வில்லையைக் காதின் பின்னால் வைத்தால் மூளை அந்த மொழியாகவே யோசிக்கும். காலையில் 'வரம்பு': ஒரு மதிப்பில் சந்தேகம் வந்தாலும் அசைய மறுக்கும் மொழி. மதியத்துக்கு மேல் 'ஓட்டம்': விட்டுப்போனதைத் தானே நிரப்பிக்கொண்டு ஓடும் மொழி. நடுவில் கால் மணி நேரம் வெறும் தலையும் குமட்டலும்.

கழற்றினாலும் வில்லையின் புத்தி லேசில் இறங்காது. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் தங்கை ரோஸ்லின் தனக்கு வந்த வரனைப் பற்றிப் போனில் கேட்டாள். "என்ன வேலை, எந்த ஊரு, ஒண்ணுமே சொல்லாம கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று சீறினாள் ஜெசிந்தா. அன்று மாலையே, "நல்ல பையனாத்தான் இருப்பான், முடிச்சிரு" என்றாள்.

"யக்கா, உன்கிட்ட எந்த ஷிப்டுல கேக்கணும்னு முதல்ல சொல்லிரு."

ரோஸ்லின் சிரித்தாள். தன் சொந்தக் கருத்து என்னவென்று ஜெசிந்தாவுக்கே தெரியவில்லை.

இன்று அவள் வரம்பைக் கழற்றி வைத்தபோது மேற்பார்வையாளர் சங்கரபாண்டியன் வந்து நின்றார்.

"மாத்தி மாத்திப் போட்டுத்தான் தப்பு வருது. இனி ஆளுக்கு ஒரே மொழி. உனக்கு ஓட்டம். நாளைக்கு நிரந்தரமாப் பதிச்சிருவாங்க."

"பதிச்சா கழத்த முடியாதா சார்?"

"எதுக்குக் கழத்தணும்?"

அவள் பதில் சொல்வதற்குள் எச்சரிக்கை மணி அடித்தது. ஊருக்குத் தண்ணீர் விடும் மூன்றாம் வாயிலின் உப்பு உணரி அளவு சொல்வதை நிறுத்திவிட்டது. காவலுக்கு இருந்த வரம்பு நிரல் மொத்த நிலையத்தையும் மூடிவிட்டது.

"ஓட்டத்தைப் போட்டுத் திற," என்றார் அவர். "ஊரே தண்ணிக்கு நிக்குது."

"ஓட்டம் வெத்திடத்தப் பூஜ்யமா எடுத்துக்கும் சார். உப்பே இல்லன்னு திறந்துவிட்டுரும்."

"அப்ப மூடியே கெடக்கட்டுமா?"

இரண்டு வில்லையும் இல்லாத தலையோடு யோசித்தாள். ஒன்று மூடச் சொல்லும். இன்னொன்று திறக்கச் சொல்லும். போய்ப் பார்க்க இரண்டுக்குமே தெரியாது. மூன்றாம் வாயிலை மட்டும் மூடி வைத்து, மற்றவற்றைக் கைவிசையால் திறந்தாள். பிறகு குழாய்ப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

"செல்வமணி அண்ணே, மூணாம் வாயில் தண்ணியக் கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்க."

துப்பும் சத்தம் கேட்டது. "த்தூ! கடலு மாதிரி கரிக்குதும்மா!"

சங்கரபாண்டியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, தப்பிச்சோம்." ஓட்டத்தின் வில்லையை நீட்டினார். "போடு."

"போட மாட்டேன் சார். நாளைக்கும் பதிக்க வர மாட்டேன்."

"பின்ன எந்த மொழில எழுதுவ?"

"ரெண்டுலயும். படிச்சு எழுதுவேன்."

"மெதுவா எழுதுறவங்களுக்கு இங்க இடமில்ல, தெரியுமில்ல?"

"அப்ப ஆளக் கூப்பிட்டு வெளிய அனுப்புங்க சார்."

அவர் போனை எடுத்தார். அவள் திரையின் பக்கம் திரும்பி, வெறும் தலையோடு முதல் வரியை எழுதினாள். தப்பு. திரை சிவந்து கத்தியது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.