தங்கவயலில் தொலைந்த ரெட்டைவடம்

"என்னத் திருடன்னு சொல்றாங்கக்கா," என்று சொல்லிவிட்டு, கொளஞ்சியப்பன் நின்ற இடத்திலேயே அழுதான்.

ஷமீனா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். அவர் யாருக்காகவும் மதியச் சோற்றைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. ஆனாலும் முப்பத்தைந்து வயது ஆம்பிளை ஒருவன் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சோறு இறங்கும்? "உக்காருங்க தம்பி. தண்ணியக் குடிச்சிட்டு மொதல்லேருந்து சொல்லுங்க," என்றார்.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி அது. கீழே கடை நடத்துபவன் நாசர், ஷமீனாவின் தம்பி. விபத்தான வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் கேட்டு வருகிறவர்களில் யார் சொல்வது நிஜம், யார் அளப்பது புளுகு என்று விசாரிப்பதுதான் ஷமீனா பல வருடம் பார்த்த வேலை. அதை விட்டபிறகும் ஊர்க்காரர்கள் அவரை விடவில்லை. விசாரணை என்று யார் வந்தாலும் நாசர் கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடிவந்துவிடுவான். இன்றும் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றான்.

கொளஞ்சியப்பன் சொன்ன விஷயம் இதுதான். கடலூர் செம்மங்குப்பத்துக்காரனான அவன், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டூர் சர்வீஸ் நடத்தும் தில்லைநாதனிடம் வேன் ஓட்டுகிறான். தில்லைநாதன் அவனுக்கு ஒன்றுவிட்ட மாமாவும்கூட. போன சனி, ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கோலார் தங்கவயலைச் சுற்றிக் காட்டப் போனார்கள். மூடிக் கிடக்கும் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம், வெள்ளைக்காரர்களின் கிளப், அவர்களுடைய கல்லறைத் தோட்டம், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் குன்றாகவே வளர்ந்து நிற்கும் சயனைடு மேடு, கடைசியாக லிங்கங்கள் நிறைந்த அந்தப் பெரிய கோயில். வந்தவர்களில், தங்கை மகனோடு வந்த பட்டம்மாள் என்ற அம்மாவும் ஒருவர். அவருடைய அப்பா அந்தச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்.

"அவுங்கப்பா அங்க சம்பாரிச்சுப் போட்ட ரெட்டைவடச் சங்கிலிக்கா. அப்பா வேல செஞ்ச எடத்துல அதப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுக்கணும்னு ஆசையா கொண்டாந்தாங்க. எடுத்தாங்க. அப்பறம் கோயில் கும்பல்ல யாராவது அத்துட்டா என்னா பண்றதுன்னு கழட்டி, கைப்பையில போட்டு சீட்டுக்கு அடியில வெச்சிட்டுப் போனாங்க. வண்டியப் பூட்டுனது நான். சாவி என் சட்டப் பையில. திரும்பி வந்து பைய எடுத்து மடியில வெச்சவங்க வீடு வந்துதான் தொறந்து பாத்திருக்காங்க. சங்கிலி இல்ல."

"போலீசுக்குப் போயிட்டாங்களா?"

"இன்னிக்கி சாயங்காலம் போறாங்களாம். நான் குவைத்துக்குப் போறேன்க்கா, டிரைவர் வேலைக்கு. விசா வந்துட்டு. என் மேல கேசு இல்லன்னு போலீஸ் சர்டிபிகேட் ஒண்ணுதான் பாக்கி, விசாரணைக்கு நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. இன்னிக்கே என் பேர்ல கம்ப்ளெயின்ட் விழுந்தா எல்லாம் போச்சு."

"உங்க மொதலாளி என்ன சொல்றார்?"

"மாமா தங்கமான மனுஷன்க்கா. 'நீ கவலப்படாத, குவைத் கிவைத்தெல்லாம் மறந்துட்டு நம்ம வண்டியிலயே இரு, அந்தம்மாகிட்ட நான் பேசி முடிச்சுக் குடுக்கறேன்'ங்கறாரு. ஆனா நான் எடுக்கலியே! எடுக்காத பொருளுக்கு எதுக்குப் பேசி முடிக்கணும்?"

ஷமீனா சோற்றுத் தட்டை மூடி வைத்தார். பிறகு, "வண்டிக்குப் பின் கதவு எப்படி?" என்றார்.

கொளஞ்சியப்பன் திருதிருவென்று விழித்தான். "அது... கொக்கி சரியாப் புடிக்காதுக்கா. கைப்பிடியத் தூக்கி ஒரு இழு இழுத்தா தொறந்துக்கும். மாமாட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. நேத்துக்கூட, 'அதப் பத்தி மூச்சு விடாத, அந்தச் சங்கதி தெரிஞ்ச ஆளு நீதான்னு உன் பக்கமே திரும்பிடும்'னாரு."

"நல்ல மாமாதான்," என்றார் ஷமீனா.

நாசருக்கு அதற்குள் கைகால் பரபரத்தது. "லாத்தா, இது அந்தம்மா கூடப்போன சொந்தக்காரன் வேலதான்! எந்தப் பையில என்ன இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?" அக்காவை அவன் லாத்தா என்றுதான் கூப்பிடுவான். லாத்தா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனான்.

பட்டம்மாள் அண்ணாமலை நகரில் தங்கை மகன் அருண்பாண்டியனோடு இருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அருண்பாண்டியன் மட்டும் சண்டைக் கோழியாக நின்றான். "இதுல விசாரிக்க என்னங்க இருக்கு? எல்லாரும் எறங்குனப்பறம் கடைசியா வண்டியில தனியா நின்னது டிரைவர். பூட்டுனது அவன். சாவி வெச்சிருந்தது அவன்."

"பைய வண்டியில விட்டுட்டுப் போகலாம்னு யார் சொன்னாங்க?" என்று பட்டம்மாளிடம் கேட்டார் ஷமீனா.

"நானேதாம்மா கேட்டேன், சங்கிலியப் பையில போட்டு விட்டுட்டுப் போலாமான்னு. தில்லைநாதன், 'தாராளமா வைங்கம்மா, சாவி கொளஞ்சிகிட்டதான் இருக்கு, வேற யார்ட்டயும் கெடையாது'ன்னு எல்லாரும் கேக்கற மாதிரி சொன்னாரு. அந்தப் புள்ள கோயில்ல என் கையப் புடிச்சு எறக்கிவுட்டான்மா. அவன் எடுத்திருப்பான்னு நெனைக்கவே எனக்கு வயிறு எரியுது. வேற யாருன்னு நான் நெனைக்கறது?"

டூர் போனவர்களுக்கென்று வாட்ஸப் குழு இருந்தது. டிரைவர்தான் திருடன் என்று அருண்பாண்டியன் அதில் எழுதித் தள்ளியிருந்தான். அதற்கு மேலே அவன் எடுத்த புகைப்படங்கள் வரிசையாகக் கிடந்தன. நாசர் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினான். இரும்புக் கோபுரத்தின் முன்னால் சங்கிலியோடு பட்டம்மாள், சிரிப்பும் அழுகையுமாக. சயனைடு மேட்டில் முந்தின ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும். ஏறியவர்கள் செருப்பெல்லாம் சாம்பல் நிறச் சேறு. அப்புறம் கோயில் வாசல்.

"கோயில்ல ஏன் இத்தன பேர் கால்ல செருப்பில்ல? அங்க செருப்பு வைக்க எடமிருக்குமே," என்றார் ஷமீனா.

"அங்க விட்டா திரும்பி வர்றப்ப யார் க்யூல நிக்கறது? எல்லா டூர்லயும் வண்டியிலதான கழட்டிப் போட்டுட்டு எறங்குவோம்," என்றான் அருண்பாண்டியன்.

அடுத்த படம் வேனின் முன்னால். தரிசனம் முடித்துத் திரும்பியவர்கள் பூட்டிய வண்டியின் நிழலுக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். உச்சி வெயில். ஒரு பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாள், இன்னொருவர் துண்டை விரித்து அதன்மேல் ஏறி நிற்கிறார். பட்டம்மாளும் கொளஞ்சியப்பனும் படத்தில் இல்லை.

"அவுங்க ரெண்டு பேரும் மெதுவா வந்துட்டிருந்தாங்க. கால் சுட்டு நாங்க ஆடுன ஆட்டத்த எடுத்து வெச்சேன்," என்றான் அருண்பாண்டியன்.

"லாத்தா!" நாசர் கிட்டத்தட்டக் கத்தினான். "இங்க பாருங்க, இந்தப் பெரியவர் கால்ல மட்டும் செருப்பு! வண்டி தொறக்கறதுக்கு முன்னாடியே!"

"அவர் ராமாமிர்தம் சார்," என்றார் பட்டம்மாள். "முட்டி வலி. மேட்டுலயும் ஏறல, கோயிலுக்குள்ளயும் வரல. எதுத்தாப்புல டீக்கடையிலயே உக்காந்துட்டாரு."

ஷமீனா கோயில் வாசல் படத்துக்குத் திரும்பப் போனார். அதிலும் ராமாமிர்தம் ஓரமாகச் செருப்போடுதான் நின்றார். அவர் அதைக் கழற்றவே இல்லை. நாசருக்கு முகம் தொங்கிப் போயிற்று. ஷமீனா போனை வாங்கி, இரண்டு படங்களையும் மாற்றி மாற்றி, அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி தில்லைநாதன் ஆபீசுக்கு வாங்க. ராமாமிர்தம் சாரையும் வரச் சொல்லுங்க. அதுக்கப்பறமும் கம்ப்ளெயின்ட் குடுக்கணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

ஆபீஸ் வாசலில் வேன் நின்றது. உள்ளே தில்லைநாதன் எல்லோருக்கும் நாற்காலி போட்டு, டீ சொல்லி, கல்யாண வீடு மாதிரி உபசரித்தார். கொளஞ்சியப்பன் உட்காரவில்லை. சுவரோரமாக நின்று, யாருடைய வாயிலிருந்து தன் பேர் வரப்போகிறதோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம்மா, சின்னப் பையன், ஏதோ புத்தி கெட்டுப் போச்சு," என்று ஆரம்பித்தார் தில்லைநாதன். "நான் பொறுப்பேத்துக்கறேன். வெளிநாடெல்லாம் போகாம என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்."

"அது இருக்கட்டும் சார்," என்றார் ஷமீனா. "எனக்கு ஒரே சந்தேகம். சாவி இல்லாம அந்த வண்டிக்குள்ள யாராவது ஏற முடியுமா?"

"சான்ஸே இல்ல மேடம். ஈ எறும்புகூட நொழைய முடியாது."

"கோயில்ல நீங்க வேனுக்குத் திரும்புனப்ப?"

"எல்லாரோடயும் வெளியதான் நின்னேன். கொளஞ்சி வந்து தொறந்தப்பறம்தான் ஏறினோம்."

"நல்லது. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க." ஷமீனா நாசரைப் பார்த்தார். அவன் போனை மேஜைமேல் வைத்தான். "இது கோயில் வாசல். தில்லைநாதன் சார் முன்னால நிக்கறார், வெறுங்கால். செருப்பு பூட்டுன வண்டிக்குள்ள இருக்கு. இது அதுக்கப்பறம், வண்டி தொறக்கறதுக்கு முன்னாடி. எல்லாரும் தவிக்கறாங்க. ராமாமிர்தம் சார் கால்ல செருப்பு, அது சுத்தமா இருக்கு, அவர் மேட்டுல ஏறல. எல்லாருக்கும் பின்னால, பாதி மறைஞ்சு நிக்கறது தில்லைநாதன் சார். அவர் கால்லயும் செருப்பு. ஓரமெல்லாம் காஞ்ச சாம்பல் சேறு, அதனால அங்க புதுசா வாங்குனதும் இல்ல. காலைல மேட்டுல போட்டிருந்த அதே செருப்பு. பூட்டுன வண்டிக்குள்ளேருந்து அது எப்படி சார் உங்க காலுக்கு வந்துச்சு?"

தில்லைநாதன் குனிந்து படத்தைப் பார்த்தார். டீ டம்ளரை மேஜையில் தள்ளி வைத்தார். "கால் சுட்டுது... பின் கதவு வழியா செருப்ப மட்டும்..."

"ஈ எறும்புகூட நுழையாதுன்னீங்களே, இப்பத்தான்?"

ராமாமிர்தம் எழுந்து வாசலுக்குப் போய், வேனின் பின் கைப்பிடியைத் தூக்கி ஒரு இழு இழுத்தார். கதவு திறந்துகொண்டது. "அடப்பாவி," என்றார் அவர்.

"செருப்புக்காக மட்டும் தொறந்திருந்தா அத மறைக்க என்ன அவசியம்?" ஷமீனாவின் குரல் உயரவே இல்லை. "முதல்லயே எல்லாரும் கேக்கற மாதிரி சாவி கொளஞ்சிகிட்டதான்னு சொன்னீங்க. பின் கதவப் பத்தி அவர் வாயக் கட்டிப் போட்டீங்க. நடுவுல எல்லாருக்கும் முன்னாடி வந்து உள்ள ஏறினீங்க. சங்கிலிய எடுத்துட்டு எறங்கறப்ப தரை கொதிக்குது, கால் தானா செருப்புல நொழைஞ்சிடுச்சு. அவ்வளவுதான் நீங்க பண்ணின தப்பு."

"ஆனா ஏன் லாத்தா?" நாசரால் அடக்க முடியவில்லை. "இவருக்கு ரெண்டு வண்டி ஓடுது. நகைக்கா ஆசப்படணும்?"

"நகைக்கு ஆசப்படல. டிரைவருக்கு ஆசப்பட்டார். கொளஞ்சியப்பன் பேர்ல கம்ப்ளெயின்ட் விழுந்தா சர்டிபிகேட் வராது. விழாம இருக்கணும்னா இவர் சொல்றதக் கேட்டு இங்கயே கெடக்கணும். எப்படிப் பாத்தாலும் குவைத் இல்ல. விசா காலாவதியானப்பறம் சங்கிலி ஏதாவது ஒரு சீட்டு இடுக்குலேருந்து கெடைச்சிருக்கும். அதனால அத வித்திருக்க மாட்டார். பத்திரமா இருக்கு. எடுத்துட்டு வாங்க சார்."

தில்லைநாதன் எழுந்தார். உள் அறையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. டூர் பேனர் துணியில் சுற்றியிருந்த ரெட்டைவடத்தைப் பட்டம்மாள் முன்னால் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

பட்டம்மாள் சங்கிலியைத் தொடவில்லை. நேராகக் கொளஞ்சியப்பனிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன மன்னிச்சிடுய்யா. எங்கப்பன் சங்கிலி பெருசுன்னு நெனச்சு உன் பொழப்புல மண்ண அள்ளிப் போடப் பாத்தேனே!" அவனும் அழுதான். அருண்பாண்டியன் தலையைத் தூக்காமல் போனில் எழுதியதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தான். அழித்தால் மட்டும் போதாது, மன்னிப்பும் எழுது என்று நாசர் பக்கத்தில் நின்று எழுத வைத்தான்.

"கம்ப்ளெயின்ட இவர் பேர்ல குடுப்போம்," என்றார் ராமாமிர்தம். "உள்ள போவட்டும்."

"வேணாம் சார்," என்றான் கொளஞ்சியப்பன். "கேசுன்னா என்னச் சாட்சிக்கு இழுப்பாங்க. நான் போவணும்."

பிறகு தில்லைநாதன் பக்கம் திரும்பினான். கோபம்தான் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் குரல் உடைந்துதான் வந்தது. "ஏன் மாமா, போவாதடான்னு ஒரு வார்த்த என்னக் கேக்க மாட்டீங்களா? பொண்டாட்டி புள்ளய உட்டுட்டுப் பாலைவனத்துல போயி வண்டி ஓட்ட எனக்கென்ன ஆசையா? விசா வந்த அன்னிக்கு மொதல்ல உங்ககிட்டதான் ஓடியாந்தேன். நீங்க இருடான்னு சொன்னா இருந்துடலாம்னுதான் வந்தேன். நீங்க 'சந்தோஷம்'னீங்க."

தில்லைநாதன் அவன் பக்கத்தில் வந்தார். "இப்பக் கேட்டா இருப்பியாடா?"

கொளஞ்சியப்பன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "இப்ப நீங்க பயத்துல கேக்கறீங்க மாமா," என்றான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடலூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான்.