அறுநூற்று நாற்பது கிராம்

காலை ஆறு மணிக்கு எதிரியைத் திட்டத் தொடங்கி ஆறு ஒன்பதுக்கு நிறுத்துவது செவ்வாயின் பதினான்காம் எல்லைச் சாவடியில் அன்றாட வேலை. பல் துலக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒன்பது நிமிடத்துக்குக் காரணம் உண்டு. சாவடியின் பீரங்கி முழுதாக மின்னேறுவதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அதன் எடை அறுபத்தெட்டு கிலோ. செவ்வாயின் ஈர்ப்பில் பாதிக்கும் குறைவாகவே கனத்தாலும், தோளோடு தோள் ஒட்டி நின்று அதைத் திருப்ப இருவர் வேண்டும். சிப்பாய்கள் அதற்கு இடியன் என்று பெயர் வைத்திருந்தார்கள். மின்னேறும்போது அது எழுப்பும் அதிர்வு தரை வழியாகப் பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்முகட்டுக்குப் போகும். அங்கிருப்பவர்களும் உடனே தங்கள் பீரங்கியை முடுக்குவார்கள். இரண்டும் தயாராகும்வரை இரு பக்கத்துக்கும் வேறு வேலை இல்லாததால் பொது அலைவரிசையைத் திறந்து திட்டிக்கொண்டார்கள். திட்டி முடித்ததும் நடுவிலிருந்த கரும்பாறையை ஆளுக்கொரு முறை சுட்டுவிட்டு உள்ளே போனார்கள். பள்ளத்தாக்கின் அடியில் உறைந்துகிடக்கும் பனிப்பாளத்துக்காக முப்பத்தொரு ஆண்டுகளாக நடக்கும் போர் அது. இந்தச் சாவடியில் இதுவரை யாரும் சாகவில்லை. பாறை மட்டும் பாதியாகியிருந்தது.

"ஏல செங்கோடா, எந்திச்சிட்டியா?" எதிர்முகட்டின் பீரங்கிக்காரன் பலவேசத்தின் குரல் கரகரத்தது. "நேத்து நீ சுட்ட குண்டு இன்னும் இங்க வந்து சேரலலே. நடந்தா வருது?"

"வாய மூடிட்டு மண்டையத் தூக்குடா," என்றார் ஹவில்தார் செங்கோடன். "அளவெடுக்கோணும்."

"ஒனக்குக் கண்ணு தெரியாதுன்னு ஒங்க ஆளுவளே சொல்லுதானுவ. மூக்குக் கண்ணாடி வேணுமால? இங்க எங்க சமையக்காரன் போட்டது ஒண்ணு கெடக்கு."

செங்கோடனுக்கருகில், இடியனின் முன்பக்கத்தைத் தாங்கியபடி, சென்னியப்பன் பேசாமல் நின்றார். பதினொரு ஆண்டுகளாக இருவருக்கும் ஒரே அறை, ஒரே பீரங்கி. இந்தச் சாவடியில் ஒருவருக்கு ஒன்பது நாளைக்கு ஒரு முறை நான்கு நிமிடம் குளிக்கத் தண்ணீர் வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் செங்கோடனின் முறையில் சென்னியப்பன் குளித்துவிட்டார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நகம் வெட்டும் சென்னியப்பனின் பழக்கத்தைச் செங்கோடன் தினமும் பார்த்தார். அவர் காறித் துப்பும் ஒலியைத் தினமும் கேட்டார். எதுவும் சொன்னதில்லை.

அன்று பகல் லெப்டினன்ட் நப்பின்னை வந்து இறங்கினார். ஆயுத மாற்றுத் துறையில் ஏழு ஆண்டு உழைத்தவர். அவர் கொண்டுவந்த பெட்டி ஒரு டிபன் கேரியரைவிடச் சிறியது.

"இதுக்குப் பேர் தும்பி," என்று அதைத் திறந்து வைத்தார். "அறுநூற்று நாற்பது கிராம். ஒரு ஆள் போதும். அரை விநாடிக்குள்ள சுடும். உங்க பழைய பீரங்கியை இன்னிக்கே உருக்கப் போறாங்க."

செங்கோடன் தும்பியைத் தொடவில்லை. "முப்பத்தொரு வருஷம் ஒரு நாள் கூட எங்களக் கைவிடாத சாமானுங்க அது."

"முப்பத்தொரு வருஷத்துல எத்தனை பேரை அடிச்சிருக்கு?"

"ஒருத்தரையும் இல்லீங்க."

"அதை நம்பிக்கையான ஆயுதம்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

நப்பின்னை பெட்டியை மூடினார். "அதைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பு போனவங்க நூத்திப் பத்துப் பேர். நான் ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்திருக்கேன். நீங்க பாறையைச் சுட்டு விளையாடுறதுக்கு அவங்க படுத்துக் கிடக்கணுமா? நாளைக்குக் காலையில சோதனை. குறி, எதிர்ச் சாவடி பீரங்கிக்காரன். நீங்கதான் சுடப் போறீங்க, ஹவில்தார்."

செங்கோடனின் ஓய்வுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. மறுத்தால் இராணுவ நீதிமன்றம். பலவேசத்தின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனால் போன மாதம் அவன் இரண்டு நாள் குரல் கொடுக்காதபோது, இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொல்லவா இத்தனை நாள் அவனைத் திட்டினோம் என்று நினைத்துப் பார்த்தார்.

தும்பியின் எடை குறைந்த விதத்தை நப்பின்னை எல்லாருக்கும் விளக்கினார். பழைய ஆயுதங்களில் பெரும் எடை குறிபார்க்கும் கருவிகளாலும் பாதுகாப்புப் பூட்டுகளாலும் வந்தது. நண்பனைச் சுட்டுவிடாமல் இருக்கத்தான் அத்தனை இரும்பும். தும்பியில் இவை எதுவும் கிடையாது. ஒவ்வொரு சிப்பாயின் காதுக்குப் பின்னும் பொருத்தப்பட்டிருந்த செவிமுளை என்ற சில்லு அவன் மனத்தின் வெறுப்பை அளந்து தும்பிக்கு அனுப்பும். பார்வைக்கு எட்டும் மனிதர்களில் யார்மேல் வெறுப்பு மிக அதிகமோ அவர் பக்கம் அது திரும்பும். அளவு எண்பதைத் தாண்டினால் சுடும். விசை இல்லை, பூட்டு இல்லை. சிப்பாய் மிக அதிகமாக வெறுப்பது எதிரியைத்தான் என்பதில் வல்லுநர் குழுவின் பதினேழு பேருக்கும் ஐயமில்லை. ஆகவே அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

காலை ஆறு மணி. செங்கோடனின் தோளில் தும்பி உட்கார்ந்திருந்தது. எடையே தெரியவில்லை. கண்ணாடிச் சாளரத்தின் உருப்பெருக்கித் திரையில் பலவேசம் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தான். ஒல்லியான ஆள். காது பெரியது.

"என்னவே, இன்னிக்கி ஊளையே இல்ல? ஒங்க இடியனுக்குக் காச்சலா?"

சுவரில் வெறுப்புமானியின் எண் ஒன்பது என்று காட்டியது.

"திட்டுங்க," என்றார் நப்பின்னை.

"டேய், பனிக்கட்டித் திருடா! உங்கொப்பனும் திருடன், நீயும் திருடன்!"

"எங்கய்யா திருடன்தாம்ல. ஒங்கய்யாட்டதான் தொழில் படிச்சாரு."

எண் ஏழுக்கு இறங்கியது. செங்கோடனின் உதடு துடித்தது. அது சிரிப்பு என்பது நப்பின்னைக்குப் புரிந்தது.

"அவன் உங்க எதிரி. உங்க தண்ணியைத் திருடுறவன். உங்களைக் குளிக்க விடாம பண்றவன். அதை நினைங்க!"

செங்கோடன் நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எண்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பலவேசம் பிழைத்துக்கொள்வான். அதற்குப் பெரிய முயற்சி தேவைப்படவும் இல்லை. எண் எட்டிலேயே நின்றது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். தும்பியின் தலை அசையவே இல்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. தாங்கிப் பிடிக்கப் பீரங்கி இல்லாததால் அன்று வேலையின்றிச் சுவரில் சாய்ந்திருந்தார் சென்னியப்பன். இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அவர் வாயைத் திறந்தார்.

"இவனுக்குக் கோபப்படக்கூட வராதுங்க மேடம். இவங்கூடப் பதினோரு வருஷம் குடும்பம் நடத்துனவன் சொல்றேன். இவன் தண்ணியில குளிச்சேன். என்ன பண்ணுனான்? மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்."

செங்கோடன் திரும்பினார்.

எண் நாற்பது ஆனது. அறுபத்தாறு. தும்பி அவர் தோளிலிருந்து எழுந்தது.

"கண்ணை மூடுங்க ஹவில்தார்! மூடுங்க!" நப்பின்னை கத்தினார்.

செங்கோடன் மூடினார். இமைக்குள்ளே சாப்பாட்டு மேசை தெரிந்தது, அதன்மேல் வளைந்த நகத் துண்டுகள். தொண்ணூற்றொன்று.

சத்தம் மிகச் சிறியது, பட்டாணி வெடிப்பதுபோல. சென்னியப்பன் சுவரில் சாய்ந்தபடியே சறுக்கி உட்கார்ந்தார். அவர் முகத்தில் வலியைவிட வியப்பே அதிகம். அது அப்படியே நின்றுவிட்டது.

"என்னல சத்தம்?" அலைவரிசையில் பலவேசம் கேட்டான். "செங்கோடா? யாருக்கு என்னாச்சு? ஏய், பேசுல!"

திரையில் அவன் சாளரத்தின் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மொத்தம் நாற்பது சாவடிகளில் சோதனை நடந்தது. முப்பத்திரண்டில் தும்பி சுட்டது. எதிரிமேல் ஒன்றுகூட இல்லை. பத்தொன்பது பேர் அறைத்தோழர்கள். எட்டுப் பேர் மேலதிகாரிகள். நால்வர் சமையல்காரர்கள். ஒரு சிப்பாயின் தும்பி சுவரிலிருந்த தொலைபேசித் திரையைச் சுட்டது. பாகப்பிரிவினை பற்றிப் பேச அவருடைய சொந்த அண்ணன் அப்போது அழைப்பில் இருந்தார்.

வல்லுநர் குழு மூன்று நாள் கூடியது. தும்பியில் பிழை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. முப்பத்திரண்டு குறிகளும் துல்லியமானவை. பிழை சிப்பாய்களிடம் இருந்தது. அவர்கள் எதிரியைத் தொலைவிலிருந்து மட்டுமே அறிந்திருந்தார்கள். முறையாக வெறுக்கும் அளவுக்கு நெருங்கிப் பழக அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை.

எதிரிப் படையும் வேறொரு பெயரில் அதே போன்ற ஆயுதத்தை வாங்கி, அதே முடிவைக் கண்டிருந்தது. முப்பத்தொரு ஆண்டுகளில் முதன்முறையாக இரு தரப்பும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆறு மாதம் இரு பக்கத்துச் சிப்பாய்களும் பக்கத்துக்கு ஒருவராக, அறைக்கு இருவராகச் சேர்ந்து வாழ வேண்டும். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு குளியலறை. பூமியின் செய்தித்தாள்கள் இதைச் சமாதானத்தின் தொடக்கம் என்று எழுதின.

செங்கோடனின் ஓய்வு தள்ளிவைக்கப்பட்டது. சென்னியப்பனின் மரணம் இயந்திரச் சோதனையில் நிகழ்ந்த இழப்பு என்று கோப்பில் ஏறியது. காலியான கட்டிலுக்குப் பலவேசம் வந்து சேர்ந்தான். கதவருகே பையைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் செங்கோடனைக் கட்டிக்கொண்டான். செங்கோடன் அழுதார். அடுத்த அறையில் நப்பின்னையின் மானி மூன்று என்று காட்டியது.

முதல் வாரம் இருவரும் காலை ஆறு மணிக்கு எழுந்து, பழக்கத்தில் ஒருவரையொருவர் திட்டிச் சிரித்தார்கள். இரண்டாவது வாரத்தில் பலவேசம் ஈரத் துண்டைச் செங்கோடனின் கட்டிலில் போட்டான்.

"இத எடுத்து வேற பக்கம் போடறது."

"ஒரு துண்டுக்கு என்னவே? செத்தா போயிருவீரு?"

எண் முப்பத்துநான்கு. செங்கோடன் இரவெல்லாம் குறட்டை விட்டார், பலவேசம் சுவரைத் தட்டினான். பலவேசம் தேநீரை உறிஞ்சிக் குடித்தான், செங்கோடன் வெளியே போய் நின்றார். மூன்றாவது வாரம் யாருடைய குளியல் முறை என்பதில் கணக்குத் தவறியது. ஒவ்வொருவரும் தன்னுடையது என்றார்.

இருபத்து மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அந்த அறையில் எந்தச் சத்தமும் எழவில்லை. இருவரும் விழித்தே இருந்தார்கள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. ஆறு ஒன்பது ஆகியும் திட்டு இல்லை, சிரிப்பு இல்லை. நப்பின்னை காதைக் கதவில் வைத்து நெடுநேரம் அந்த மௌனத்தைக் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்து, பதினான்காம் சாவடிக்கு எதிரே 'போருக்குத் தயார்' என்று எழுதினார்.