காது மட்டும் உள்ள பெட்டி

கிடங்கின் பெயரிலேயே இன்னொரு வைஃபை ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் கீழ்த்தளக் குளிர் அறையிலிருந்து. அங்கே சிக்னல் பரப்ப அவன் தன் கையால் கூரையில் மாட்டிய வெள்ளைப் பெட்டி ஒன்றுதான் உண்டு. நெட்வொர்க் வேலையில் திருட்டு இணைப்புகள் எத்தனையோ பார்த்திருக்கிறான். பிளக் பாயின்ட் கூட இல்லாத மூலையிலிருந்து ஒன்று வருவதை இப்போதுதான் பார்க்கிறான்.

விடுமுறைக்கு முந்தின சாயங்காலம். ஆட்களெல்லாம் எப்போதோ கிளம்பியாயிற்று. கம்ப்ரஸர்களின் உறுமல் தரை வழியாக ஏறி அவன் நாற்காலிக் கால்களில் நடுங்கிக்கொண்டிருக்க, ஜன்னலிடுக்கில் கசிந்த அமோனியா நெடி தொண்டையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. கீழே சரக்குச் சரிபார்க்கும் தங்கை மட்டும் இருந்தாள். அம்மா போன பிறகு அவனே சோறூட்டி வளர்த்தவள். அந்தச் சுவர்களுக்குள் செல்போன் எடுக்காது. வைஃபையில் ஓடும் கிடங்கு போனில் கூப்பிட்டான்.

"வாலு, குளிர் அறையில யாராவது எதையாவது விட்டுட்டுப் போயிருக்காங்களான்னு ஒரு எட்டு பார்த்துடேன்."

"உனக்கென்ன, மாடியில உட்கார்ந்துக்கிட்டு சொல்லுவே! என் மூக்கு உறைஞ்சா நீதான் பொறுப்பு."

சிரித்துக்கொண்டே வைத்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் ஆளைப் பிடித்துவிடலாம் என்ற அவசரத்தில் கூரைப் பெட்டியை ஸ்னிஃபர் மோடுக்கு மாற்றினான். அந்த மோடில் பெட்டி காற்றில் போவதையெல்லாம் பிடித்து அவன் கணினிக்கு அனுப்பும். யாருக்கும் இணைப்பு தராது. மேல்தளங்களில் அதனால் ஒன்றும் குடிமுழுகாது, பக்கத்துப் பெட்டி தாங்கிக்கொள்ளும். கீழே பக்கத்துப் பெட்டி ஏது? பெட்டி அணைந்து மறுபடி எழுந்தபோதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டான். என்ன காரியம் செய்துவிட்டான்!

திரையில் தங்கையின் போன் கிடங்கு வைஃபையைத் தேடிக் கூவிக்கொண்டிருந்தது. மறுபடி. மறுபடி. பெட்டிக்கு எல்லாம் கேட்டது. பதில் சொல்ல அதற்கு வாயில்லை.

வேறொன்று பதில் சொன்னது.

அவள் போன் அதனுடன் ஒட்டிக்கொண்டது. கடவுச்சொல் இல்லை, மறைப்பு இல்லை. பேச்சு அப்படியே காற்றில் வந்தது. ஹெட்போனை மாட்டினான்.

"அண்ணா? நடுவுல சிக்னலே போயிடுச்சு."

"இப்போ கேக்குதா வாலு?"

அவன் குரல். லேசாகக் கரகரக்கும் அதே குரல். அவன் வாயைத் திறக்கவே இல்லை.

"கேக்குது. இங்க ஒண்ணுமே இல்லையேண்ணா."

"கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கோ. வெளியே எவனோ சுத்துறான்."

"ஐயோ, பயமா இருக்குண்ணா."

"நான் இருக்கேன்ல?"

அம்மா போன ராத்திரி அவன் அவளிடம் சொன்ன வார்த்தை. மோடைத் திருப்பினால் பெட்டி அணைந்து எழுந்திருக்க வேண்டும். அதுவரை பொறுக்க முடியாது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான்.

இரும்புப் படிகள். விளக்கணைந்த நடை. கனத்த கதவு. சரக்கு அடுக்கும்போது கதவு ஆடாமலிருக்க உள்ளே ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள். அது விழுந்திருந்தது.

கையகலக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். போன் காதில். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

அடித்தான். உதைத்தான். "நான்தாண்டி! திறடி!"

அந்தக் கதவைத் தாண்டிச் சத்தம் போகாது. ஆனால் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. தாழ்ப்பாளுக்குக் கை நீண்டது. நின்றது. போனில் எதையோ கேட்டாள்.

மலர்ந்த முகம் வெளிறியது. பின்வாங்கினாள். அவன் கண்களை விட்டுக் கண்ணெடுக்காமல் போனில் மெல்லச் சொன்னாள். உதடசைவு தெளிவாகத் தெரிந்தது.

"ஆமாண்ணா. அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்கு."

அவன் நெற்றியால் கண்ணாடியை முட்டினான். அழுதான். கும்பிட்டான். அவள் தலையாட்டினாள், அவனுக்கல்ல. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் குளிர் அங்கியைக் கழற்றி, அவன் முகம் தெரியாதபடி அந்தக் கண்ணாடியின் மேல் இழுத்து மாட்டினாள்.