பாட மறுத்த தரை

"ஐயோ... வாள்! என் வாள்!"

அலறியவர் ரெனே. சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் ஏரிக்கரையில் உள்ள சிறிய ஜப்பானிய அருங்காட்சியகத்தின் இயக்குநர்.

அலறல் எழுந்தது பிரெஞ்சு மொழியில். ஆயினும் பணியாளன் தவச்செல்வன் தமிழிலேயே பதறினான்!

சாமுராய் மண்டபத்தின் வாசலுக்கு ஓடினான்.

உள்ளே, கொம்பு முளைத்த தலைக்கவசத்துடன் போர்வீரன் பொம்மை கம்பீரமாக அமர்ந்திருந்தது. அதன் முன்னிருந்த அரக்குப் பூச்சுத் தாங்கியோ...

காலி!

நானூறு ஆண்டுப் பழமை வாய்ந்த வாளைக் காணோம்!

சற்று நேரத்தில் போலீஸ் வந்தது. வந்தவள் இன்ஸ்பெக்டர் மதுஜா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இவ்வூரிலேயே பிறந்தவள்.

வாசற்படியைத் தாண்டாமலே ரெனே பிரெஞ்சில் விளக்கினார்.

"நள்ளிரவு. நான் மாடியில் உறங்கிக்கொண்டிருந்தேன். தரை பாடியது!"

"தரை பாடியதா?"

"ஆம், மேடம். ஜப்பானியப் பிரபுக்களின் மாளிகைத் தந்திரம் இது. கால் பட்டால், பலகைக்கு அடியிலுள்ள இரும்புக் கொக்கிகள் ஆணியில் உரசிக் குருவி போலக் கீச்சிடும். திருடனைக் காட்டிக்கொடுக்கும்!"

"நீங்கள் ஏன் இறங்கி வரவில்லை?"

"தவச்செல்வன் துப்புரவு செய்கிறான் என்று எண்ணித் திரும்பிப் படுத்துவிட்டேன். மண்டபத்துச் சாவி எங்கள் இருவரிடம் மட்டுமே உண்டு..."

இருவரின் பார்வையும் தவச்செல்வன் மீது பாய்ந்தது.

அப்படியானால் அந்தக் கீச்சொலி பழுதல்ல, வேண்டுமென்றே வைத்ததா?

வேலைக்கு அவன் புதியவன். தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமானால்தான் மனைவி பவதாரணிக்கு விசா கிடைக்கும். அவளோ யாழ்ப்பாணத்தில் பெட்டி கட்டிக் காத்திருக்கிறாள்!

மதுஜா அவனை நடைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றாள்.

"என்ன அண்ணை, இப்பிடி வேர்க்குது?"

"ஹீட்டர் கூடப் போல, தங்கச்சி..."

"ஹீட்டர் நிப்பாட்டிக் கிடக்கு. உண்மையைக் கதையுங்கோ."

"வாளை நான் தொடேல்லை. ஆனா... ஒரு பிழை விட்டிட்டன். சொன்னா வேலை போயிடும்."

"சொல்லாட்டி நீங்களே போயிடுவியள்... உள்ளுக்கு!"

தவச்செல்வன் குரலைத் தாழ்த்தினான்.

"இண்டைக்கு ஜப்பானில இருந்து வாள் நிபுணர் ஒருத்தர் வாறார் எண்டு சொன்னவை. விருந்தாளி வாற நேரம் தரை கீச்சு கீச்செண்டு கத்தினா வெக்கமெல்லோ? அதுதான் நேற்றுப் பின்னேரம் வெளியால இருக்கிற சின்னக் கதவால தரைக்கு அடியில பூந்து..."

"பூந்து?"

"கொக்கி எல்லாத்துக்கும் கிரீஸ் பூசிப்போட்டன்!"

மதுஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அதிர்ச்சியா, சிரிப்பா?

"எல்லாத்துக்குமோ?"

"ஓம். ஒண்டும் விடேல்லை. வடிவாப் பூசினனான்."

மறுகணம் அவள் மண்டப வாசலில் நின்றாள்.

"மொசியு ரெனே, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து காட்டுங்கள்."

"நானா? எதற்கு?"

"அந்தப் பாட்டைக் கேட்க எனக்கும் ஆசை!"

ரெனே ஓரடி வைத்தார்.

நிசப்தம்.

இன்னோரடி...

நிசப்தம்!

பதறிப்போய், சாக்ஸ் அணிந்த கால்களால் துள்ளிக் குதித்தார். போர்வீரனின் தலைக்கவசம் ஆடியது. தரையோ மூச்சுக்கூட விடவில்லை!

"நேற்று மாலையே இந்தத் தரை வாயை மூடிக்கொண்டது. நள்ளிரவில் உங்களுக்கு மட்டும் தனிக் கச்சேரியா?"

ரெனேயின் கண்கள் அவரை அறியாமலே ஜன்னல் வழியே முற்றத்துக்கு ஓடின. மதுஜா அதைக் கவனித்தாள்.

முற்றத்தில் நின்ற அவருடைய காரைத் திறந்தார்கள். பனிச்சறுக்குப் பைக்குள்... வாள்!

"அது போலி..." ரெனே உடைந்து போனார். "அசலை எப்போதோ விற்றுவிட்டேன். நிபுணர் கையில் எடுத்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால்தான் நேற்று நண்பகலிலேயே எடுத்து ஒளித்து, மண்டபத்தைப் பூட்டிவிட்டேன்..."

தன் வாளைத் தானே திருடிய இயக்குநரைப் போலீஸார் அழைத்துச் சென்றார்கள்.

தவச்செல்வன் மெல்ல மதுஜாவை நெருங்கினான்.

"தங்கச்சி... கிரீஸ் பூசினதுக்கு என்னை வேலையால நிப்பாட்டிப் போடுவினமோ?"

மதுஜா கண்ணடித்தாள்.

"வேலையால நிப்பாட்டுற கடிதத்தில கையெழுத்து வைக்கிற கைக்கு இப்பத்தானே விலங்கு மாட்டினனாங்கள், அண்ணை!"