போட்டவன் முறுக்கக் கூடாது

ஊரே அவரவர் காருக்கு அவரவர் கையால் பிரேக் மாற்றிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையில், அப்படி மாற்றிக்கொள்ளும்படி ஊருக்கு உபதேசித்த பொன்னுரங்கம், தெரிந்தவர் கண்ணில் படாத ஒரு பட்டறையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஆனால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கார் கிறீச்சிட்டு அவரைக் காட்டிக்கொடுத்தது.

அவர் மாநிலத் திறன் பகிர்வு இயக்ககத்தின் இணை இயக்குநர். முழங்கை வரை ஏறும் சாம்பல் நிறத் திறனுறையை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த இயக்ககம்தான். தேர்ந்த வேலைக்காரர் ஒருவர் ஒரே ஒரு முறை அதை மாட்டிக்கொண்டு வேலை செய்தால் போதும். அவருடைய ஒவ்வொரு விரலின் அசைவும் அழுத்தமும் பதிவாகிவிடும். அதற்குக் கைப்பதிவு என்று பெயர். பிறகு அந்த உறையை யார் மாட்டினாலும் அது அவர் விரல்களைப் பிடித்து அதே வேலையைச் செய்ய வைக்கும். கணக்கு வாத்தியார் முடிவெட்டினார். வக்கீல் குழாய் அடைப்பு எடுத்தார். பிரேக் மாற்றுவதற்கு எல்லா உறையிலும் இருந்தது கோவை மாசிலாமணியின் கை. நாற்பது வருடம் பிரேக் வேலை மட்டுமே பார்த்த மனிதர். பதிவு முடிந்த மறுவருடம் காலமானார். 'மாசிலாமணி மறைந்தார், அவர் கை முப்பது லட்சம் வீடுகளில் வாழ்கிறது' என்ற விளம்பர வாசகம் பொன்னுரங்கம் எழுதியது. அதற்காக அவருக்கு ஒரு கேடயமும் உண்டு.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் தன் மகளின் காருக்கு அந்தக் கையால் பிரேக் மாற்றினார். சுடர்விழி வால்பாறை மலைமேல் ஒரு தோட்ட மருத்துவமனையில் டாக்டர். சனிக்கிழமைதோறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைத் தானே ஓட்டி இறங்கி வீட்டுக்கு வந்து, ஞாயிறு விடியலில் திரும்பிவிடுவாள்.

"பட்டறையிலயே குடுத்துடலாமேப்பா. உங்களுக்கு ஸ்டெப்னி மாத்தவே தெரியாதே" என்றாள் அன்று.

"இணை இயக்குநர் பொண்ணு பட்டறைக்குப் போனான்னா பேப்பர்ல வரும்மா" என்றார். பேப்பர்காரர்களை அவரே கூப்பிட்டிருந்தார். அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், படம் எடுக்க வசதியாக வெள்ளை வேட்டியில் குந்தி, நான்கு சக்கரத்துக்கும் மாற்றினார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவள் வாசலில் வந்து நிற்கும்வரை அவருக்குச் சோறு இறங்குவதில்லை. ஏனென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. தன் காருக்காவது ஒரு முழு மனிதன் வேண்டும் என்று தோன்றியது.

பட்டறை விமான நிலையம்போல் இருந்தது. குளிர்சாதன அறை, மீன் தொட்டி, கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் பயபக்தியோடு பெட்டியைத் திறந்து எடுத்து மாட்டியது அதே சாம்பல் நிறத் திறனுறை.

"இது எங்க வீட்டுலயே இருக்குதுங்களே" என்றார் பொன்னுரங்கம்.

"அங்க நீங்க மாட்டுவீங்க. இங்க நாங்க மாட்டுவமுங்க" என்றார் முதலாளி ஞானசேகரன். "ரசீது வருமில்லைங்க."

"சொந்தக் கையில பண்றவங்க யாரும் இல்லையா?"

மயக்க ஊசி இல்லாமல் குடல்வால் எடுக்கச் சொன்ன நோயாளியைப் பார்ப்பதுபோல் ஞானசேகரன் அவரைப் பார்த்தார். "சொந்தக் கையிலீங்களா? காப்பீட்டுக்காரன் கேட்டா சிரிப்பானுங்க சார்."

வெள்ளைக் கோட்டுக்காரர் சக்கரத்தைக் கழற்றி, பழைய பிரேக் கட்டைகளை எடுத்துப் புதியதை வைத்து, இரண்டு போல்ட்டையும் ஸ்பானரால் ஏற்றினார். அப்புறம் அவர் கைகள் அந்தரத்தில் அசையாமல் நின்றன. பத்து நொடி. எல்லா வீட்டிலும் இந்த இடத்தில் உறை இப்படி நிற்கும். மக்கள் இதை 'மாசிலாமணியின் தியானம்' என்பார்கள். இயக்ககத்தின் சிறப்பு மலரில் இந்தப் பத்து நொடியைப் பற்றி மட்டும் மூன்று கவிதைகள் வந்திருந்தன. ஒரு பேராசிரியர் இதைக் கீழை மெய்யியலின் உச்சம் என்று எழுதியிருந்தார்.

அந்தப் பத்து நொடிக்குள் வாசலில் இருந்த காவலாளி விறுவிறுவென்று உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தார். குந்தினார். இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்று, தோள் இறங்கும் அளவுக்கு, அழுத்தி முறுக்கிவிட்டு எழுந்தார்.

"உத்தண்டி, மறுக்கா ஆரம்பிச்சுட்டியா? அக்கட்டால போய்யா" என்று ஞானசேகரன் அதட்டினார். "கோவிச்சுக்காதீங்க சார். இது ஒரு வியாதி இவனுக்கு. நல்ல ஆளுதான்."

நான்காவது சக்கரமும் முடிந்ததும் பொன்னுரங்கம் காவலாளியைப் பின்தொடர்ந்து வாசலுக்குப் போனார்.

"என்ன பண்ணுனீங்க?"

"முறுக்குனனுங்க."

"அதுதான் உறையே முறுக்கிருச்சே."

"இல்லீங்க. மாசிலாமணியண்ணன் கை போடும். முறுக்காது. முறுக்கறது நானுங்க." உத்தண்டி ஸ்பானரைத் துடைத்தபடியே சொன்னார். "எங்க பட்டறையில போட்டவன் முறுக்கக் கூடாதுங்க. அண்ணன் ஒருக்கா தானே போட்டுத் தானே முறுக்கி, ஒண்ணை விட்டுப்போட்டாரு. குன்னூர் ரோட்டுல ஒரு குடும்பமே போயிருச்சு. அதுக்கப்புறம் அண்ணன் போடறது, நான் முறுக்கறது. போட்டவன் கண்ணுக்குத் தன் வேலை எப்பவும் சரியாத்தான் தெரியும்பாரு. அதுக்கப்புறம் இத்தனை வருசத்துல ஒண்ணு தப்பலீங்க."

"பதிவு பண்ணும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"பதிவு ரூம் கண்ணாடிக்கு வெளியிலதாங்க நின்னேன். ஒரு கைதான் பதிவாகும், போட்டோவுல நீங்க மறைக்கறீங்க, தள்ளிப் போங்கன்னுட்டாரு ஒரு ஆபீசர். அண்ணன் போல்ட்டை ஏத்திப்போட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் வரல. சரின்னு சக்கரத்தைத் தூக்கி மாட்டிட்டாரு."

அந்தப் பத்து நொடி எதற்காக என்று பொன்னுரங்கத்துக்கு இப்போது தெரிந்தது. அந்த ஆபீசர் அவர்தான். தள்ளிப் போகச் சொன்னது நினைவிருந்தது. யாரைச் சொன்னோம் என்பது நினைவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அந்த ஆபீசுக்கு மூணு தடவை போனனுங்க. உறையில பதிவாகாதவங்க சொல்றதை எழுதிக்கறதுக்குப் படிவம் இல்லைன்னாங்க. அதான் இங்க வாட்ச்மேன் வேலைக்குச் சேந்துட்டேன். வர்ற வண்டிக்காச்சும் முறுக்கலாமுங்களே."

"முறுக்காம ஓட்டினா?"

"சமதளத்துல ஒண்ணும் தெரியாதுங்க. மலையில மிதிச்சு மிதிச்சு இறங்கும்போது கொஞ்சங் கொஞ்சமா கழண்டுக்கும். இத்தனை கிலோமீட்டர்னு கணக்கு இல்லீங்க. கழண்டாக் கழண்டதுதான்."

மலைப்பாதை விபத்துக் கோப்புகள் இயக்ககத்துக்கும் ஒரு பிரதி வரும். இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று பச்சை மையில் ஒப்பமிட்டவர் பொன்னுரங்கம்.

மறுநாள் காலை இயக்குநர் வேதநாயகி முன் நின்றார். அந்த அம்மையார் முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குறைங்கற வார்த்தை இந்த அறையோட போகட்டும் பொன்னுரங்கம். மேம்பாடு. 'இரட்டைக் கைத் திட்டம்.' அந்த ஆளைக் கூட்டிட்டு வந்து பதிவு பண்ணிடலாம். சனிக்கிழமை அமைச்சருக்கு நேரம் இருக்கு."

"அதுவரைக்கும் யாரும் மலையில வண்டி எடுக்க வேண்டாம்னு ஒரு அறிவிப்பு..."

"முப்பது லட்சம் பேர் திடீர்னு பிரேக்கை நம்பாம நின்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. உங்க வீட்டுக்கும் சேர்த்துத்தான்."

அன்று சாயங்காலம் மகளை அழைத்தார்.

"சுடர், சனிக்கிழமை வரைக்கும் காரைத் தொடாதே. காலையில பத்து மணிக்கு மேல உறைக்குப் புதுப் பதிப்பு வரும். அதை ஒரு தடவை ஓட்டிட்டு அப்புறமா இறங்கு."

"ஏம்ப்பா, ஏதாச்சும் பிரச்சனையா?"

"பிரச்சனை எல்லாம் இல்லம்மா. மேம்பாடு."

"உங்க ஆபீஸ் பாஷையை வீட்டுக்குக் கொண்டுவராதீங்கன்னா கேக்கறீங்களா" என்று சிரித்தாள். "சரி, சரி. தொடல."

சக்கரத்தைக் கழற்றி, எட்டு போல்ட்டையும் அரைச் சுற்று முறுக்கச் சொல்லு என்பது ஒரு வரி. தோட்டத்து லாரி டிரைவர் யாரிடம் சொன்னாலும் செய்திருப்பார். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்குப் பதில் அவருடைய கேடயத்தில் போய் முடியும். எப்படியும் ஐந்து நாள்தானே என்று அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். கார் நின்ற இடத்தில்தானே நிற்கப்போகிறது.

வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை. மேடை மேல் சக்கரங்களைக் கழற்றி நிறுத்திய கார். பதிவு முடிந்ததும் அமைச்சர் அதே காரில் ஏறி மைதானத்தை ஒரு சுற்று வருவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அதைப் படித்ததும் பொன்னுரங்கத்துக்கு வியர்த்தது. உத்தண்டி மேடையைப் பார்த்து மிரண்டு ஒரு போல்ட்டை விட்டுவிட்டால்? அமைச்சர் ஏறுகிற வண்டி. இயக்கக ஓட்டுநரைக் கூப்பிட்டு, எட்டு போல்ட்டையும் மல்லுக்கட்டி முறுக்கி வைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். பல நாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை உத்தண்டிக்கு யாருடைய கோட்டையோ மாட்டிவிட்டிருந்தார்கள். தோள் இறங்கித் தொங்கியது. பத்து மணிக்குப் பதிவுறையை மாட்டிக்கொண்டு குந்தினார். ஸ்பானரை முதல் போல்ட்டில் வைத்தார். கை ஒரு கணம் தயங்கியது. மறுபடி வைத்துப் பார்த்தார். அப்புறம் ஸ்பானரால் போல்ட்டின் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். எட்டுக்கும் அப்படியே. எத்தனை இலகுவாகச் செய்கிறார் என்று அறிவிப்பாளர் உருகினார். கூட்டம் கைதட்டியது. அமைச்சர் ஒரு பொத்தானை அழுத்தினார். பத்து இருபதுக்கு அந்தக் கை முப்பது லட்சம் உறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சக்கரங்களை மாட்டியதும் அமைச்சர் காரில் ஒரு சுற்று வந்தார். கார் அழகாக நின்றது.

பிறகு உரைகள் தொடங்கின. கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு உத்தண்டியை அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் பக்கம் அனுப்பிவிட்டார்கள். தடுப்புக் கட்டைகளைத் தாண்டி, மூன்று காவலரிடம் கெஞ்சி, அவர் மேடைக்குப் பின்னால் பொன்னுரங்கத்தின் சட்டையைத் தொட்டபோது மணி பதினொன்றே கால்.

"சார், அதை யாரோ முன்னாடியே முறுக்கி வச்சிருந்தாங்க. நான் எதையும் முறுக்கலீங்க."

"என்ன சொல்றீங்க?"

"வச்சுப் பாத்தேன், இறுக்கமா இருந்துச்சு. சரியா இருக்கறதுக்கு அடையாளமா ரெண்டு தட்டு தட்டுவனுங்க, அதைத்தான் தட்டுனேன். இனி எல்லா உறையும் அதைத்தானுங்களே பண்ணும்? லூசா இருந்தாலும் தட்டிட்டுப் போயிரும். அதை நிறுத்தச் சொல்லுங்க சார்."

பொன்னுரங்கம் கைபேசியை எடுத்தார். சுடர்விழியிடமிருந்து பத்து நிமிடத்துக்கு முந்தைய செய்தி ஒன்று இருந்தது.

'புதுப் பதிப்பு ஓட்டியாச்சுப்பா. எட்டு போல்ட்டையும் தொட்டுப் பாத்து ரெண்டு ரெண்டு தட்டு தட்டுச்சு, எல்லாம் சரியா இருக்காம். இறங்க ஆரம்பிச்சுட்டேன். இனி சிக்னல் இருக்காது. ரேடியோவுல உங்க விழாதான் ஓடுது, கேட்டுக்கிட்டே வர்றேன். நீங்க எப்போ பேசுவீங்க?'

அழைத்தார். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது ஒரு குரல். மறுபடி அழைத்தார். அதே குரல்.

மேடையில் யாரோ பேசி முடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் படியேறி ஓடினார். இயக்குநர் வேதநாயகி கண்ணால் தடுத்ததைப் பார்த்தும் நிற்கவில்லை. அறிவிப்பாளர் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். வானொலிக்காரர்களின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்து என்ற ஒரு சொல் போதும். வண்டியை ஓரம் கட்டு சுடர் என்றால் இன்னும் நல்லது. வாயைத் திறந்தார்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்று வந்தது.

இருபத்தாறு வருடமாக ஒலிவாங்கியைத் தொட்டதும் அவர் நாக்கு போகிற பாதை அது. இல்லை, இதுவல்ல என்று அவருக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துத் தடுக்கப் பார்த்தார். அதற்குள் அடுத்தது வெளியே வந்துவிட்டது.

"எங்கள் இயக்ககத்தின் வழிகாட்டும் ஒளியாகத் திகழும் இயக்குநர் அம்மையார் அவர்களே..."

மேடையில் பதினான்கு நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது லேசாக நிமிர்ந்து, கைகூப்பி, அடுத்தவரைப் பார்த்தார்கள். பொன்னுரங்கத்தின் கண்ணில் நீர் வழிவதைக் கண்டு முன்வரிசையில் சிலர் நெகிழ்ந்துபோனார்கள். மேடையின் கீழே உத்தண்டி, சொல்லுங்க சார், சொல்லுங்க சார் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மலைமேல், தேயிலைச் சரிவுகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், சுடர்விழி அப்பாவின் குரலைக் கேட்டதும் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். எல்லார் பெயரையும் சொல்லி முடிக்க எப்படியும் பத்து வளைவாகும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டே, முதல் வளைவுக்காக பிரேக்கை மிதித்தாள்.