மூன்றாம் குமிழியின் மண்பூரான்

செவ்வாய்க் கிரகத்தில் மூன்றாம் குமிழி நகரத்தார் வெளியூர் கிளம்பும்போது மூச்சுக்கலனை மறந்தாலும் மறப்பார்கள், ஒரு பிடி சொந்த மண்ணை மறக்க மாட்டார்கள். அடுத்த குமிழியின் வாசலுக்குள் நுழைந்ததும் அதைத் தரையில் தூவி, அதன்மேல் காலை வைத்த பிறகுதான் நடை. அந்நியத் தரையில் கால் பட்டால் கௌரவம் என்னாவது! மற்ற குமிழிக்காரர்களும் இங்கே வந்து இதே கூத்தைத்தான் அடித்தார்கள். இத்தனைக்கும் அத்தனை பேருடைய மண்ணும் பூமியிலிருந்து ஒரே கப்பலில் வந்து கொட்டியது.

இப்போது மூன்றாம் குமிழியின் நகரமன்றத்துக்கு ஒரு பூரான் தேவைப்பட்டது. வேறெங்கும் இல்லாத உயிர் ஒன்று தன் மண்ணில் இருந்தால் அந்தக் குமிழி 'தனி மண்' ஆகும்; வெளியில் பிறந்தவர்களை வெளியேற்றலாம். இது சட்டம். தோட்டப் பாத்தியில் நூல்போல மஞ்சளாக, கண்ணே இல்லாத மண்பூரான் ஒன்று அகப்பட, மன்றம் தலைகால் புரியாமல் குதித்தது. அது என்ன இனம், எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலை மண்ணுயிர் ஆய்வாளர் குழலிக்கு வந்தது. என்ன முடிவு வர வேண்டும் என்பதையும் தலைவர் மகிழ்மாறன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவ்வளவு நல்ல மனசு!

குழலியின் கணவன் ஆரூரன் ஐந்தாம் குமிழியில் பிறந்தவன்.

"ஒரு பூரானை வெச்சு என்னைத் துரத்தப் போறாங்களா?" என்றான்.

"நான் பாத்துக்கறேன், சும்மா இருங்க" என்றாள்.

ஒன்பது குமிழிகளுக்கும் போய்த் தோண்டினாள். கால்களை ஜோடி ஜோடியாக எண்ணினாள், விஷக்கொடுக்கைப் பார்த்தாள், மரபணு வாசிப்பானில் வைத்தாள். எங்கே எடுத்தாலும் அதே பூரான். எல்லா ஊரிலும் வாசலருகே மண்டிக்கிடந்தது, உள்ளே போகப்போகக் குறைந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கௌரவக்காரர்கள் தூவிய இடமல்லவா!

மன்றத்தில் நிம்மதியாகவே சொன்னாள்: "ஐயா, இது நமக்கு மட்டும் சொந்தமில்ல. ஒன்பது குமிழியிலயும் இருக்கு. எல்லாரும் மாத்தி மாத்தித் தூவுன மண்ணோட முட்டையும் குஞ்சுமா போயிருக்கு."

மகிழ்மாறனின் முகம் மெல்ல மலர்ந்தது.

"கேட்டீங்களா! நம்ம பூரான் ஒன்பது குமிழியிலயும் குடியிருக்கு. அப்ப ஒன்பதும் யாரு மண்ணு?"

"நம்ம மண்ணு!" என்று கூரை அதிர்ந்தது.

"ஐயா, எங்கேருந்து எங்கே போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அம்மா, நீங்க காலை எண்ணுனீங்க, ரொம்ப சந்தோஷம். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

கண்ணில்லாத பிராணி அவ்வளவு தூரம் போயும் எந்த ஊரையும் தனதென்று கேட்கவில்லை. கண்ணுள்ளவர்கள் அன்றைக்கே படை திரட்ட ஆரம்பித்தார்கள். குழலி வீட்டுக்கு ஓடினாள்.

"உங்களைத் துரத்த மாட்டாங்க. ஐந்தாம் குமிழியும் இனி இவங்களதாம்" என்று மூச்சு வாங்கினாள்.

ஆரூரன் சிரிக்கவில்லை. மன்றப் பேச்சை எல்லாக் குமிழிகளும் நேரலையில் கேட்டிருந்தன. எல்லாம் அதே தீர்மானத்தைப் போட்டுவிட்டன, பூரான் மட்டும் அவரவர் பூரான். அவன் மணிக்கட்டுத் திரையில், பிறந்த ஊர் அவனைப் படைக்கு அழைத்திருந்தது. அதே நேரம் அவள் திரையும் ஒளிர்ந்தது. எல்லா ஊரின் மண்ணையும் தோண்டிப் பார்த்தவள் என்பதால் மூன்றாம் குமிழிப் படையில் அவளுக்கு வழிகாட்டிப் பதவி.

"உன்னை எந்த ஊரை மீட்கச் சொல்றாங்க?" என்றான்.

"உங்க ஊரை. உங்களை?"

"நம்ம வீடு இருக்கற ஊரை."